களை எடுக்கும் கைக்கு ஒரு சொம்பு தண்ணீர்

ஜீவாமிர்தத்துக்கு என்ன கணக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நம்மில் பலர் சொல்லிவிடுவோம். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். மூடாக்கு போட்டால் மண்ணில் ஈரம் எத்தனை நாள் நிற்கும், மண்புழுவுக்கு வெயில் ஏன் ஆகாது என்பதையெல்லாம் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். அதே நிலத்தில் பங்குனி வெயிலில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து எள்ளுக்குக் களை எடுக்கிறார்களே, அவர்களுக்கு அன்றைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் போனது? இந்தக் கணக்கை எழுதி வைத்திருப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இயற்கை வேளாண்மைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பொருந்தும். களைக்கொல்லி அடிக்கிறவருக்கு ஒரு ஆள், ஒரு தெளிப்பான், அரை நாளில் வேலை முடிந்தது. நாம் அதைத் தொடுவதில்லை. அதனால் நம் நிலத்தில் களை என்பது கைவேலை. கைவேலை என்றால் பெரும்பாலும் பெண்கள். நஞ்சில்லாத உணவு நம் வீட்டுக்கும் வாங்குகிறவர் வீட்டுக்கும் வருகிறது என்றால், அதற்குப் பின்னால் வெயிலில் கூடுதலாகக் கழிந்த மணி நேரங்கள் இருக்கின்றன. அந்த நேரத்தில் அவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்பதையும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

உடம்பு சூட்டை வெளியேற்ற இருக்கும் பெரிய வழி வியர்வை. வியர்வை தோலின்மேல் காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரப்பதம் அதிகமாகி வியர்வை காயாமல் வழிந்தால் தண்ணீரும் போகும், சூடும் இறங்காது. ஆளை அணைக்கும் உயரப் பயிருக்குள், காற்றில்லாத நேரத்தில் நின்றவர்களுக்கு அந்தப் புழுக்கம் தெரியும். கடும் வேலையில், கடும் வெயிலில், ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூட வியர்வையாகப் போகலாம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடம்பில் ஒரு லிட்டர் குறைந்தால் அது எடையில் 2 விழுக்காடு. அந்த அளவிலேயே வேலை செய்யும் திறனும் கவனமும் குறையத் தொடங்குகின்றன. களைக்கொத்து காலில் படுவதும், தலைச்சுமையோடு வரப்பில் தடுக்கி விழுவதும் அந்த நேரத்தில்தான்.

தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறைகிறது. இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கப் பார்க்கிறது. சிறுநீரகம், இருக்கிற தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கழிவைக் கெட்டியாக வெளியே அனுப்புகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் சிறுநீராக வெளியே விடுகிற உறுப்பு அது. ஒருநாள் இரண்டு நாள் என்றால் தாங்கிக்கொள்ளும். தினமும், பருவம் பருவமாக, வருடக்கணக்காக என்றால்? நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, கல் என்று ஆரம்பிக்கிறது. அதற்கு மேலும் போகும் என்பதைப் பிற நாட்டுக் கரும்புத் தோட்டங்கள் காட்டியிருக்கின்றன.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் செயலிழந்து இறந்திருக்கிறார்கள். சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ இல்லாத, முப்பது நாற்பது வயது ஆண்கள். இலங்கையில் அநுராதபுரம், பொலனறுவைப் பக்கத்து நெல் விவசாயிகளிடம் 1990-களிலிருந்து இதுபோன்ற நோய் பேசப்படுகிறது. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில், தென்னையும் முந்திரியுமாகப் பச்சைப்பசேல் என்றிருக்கும் ஊர்களில், வீட்டுக்கு வீடு சிறுநீரக நோயாளி.

இந்தச் செய்தியை நம் கூட்டங்களில் சொன்னால் உடனே வரும் பதில், "பூச்சிமருந்து, வேறென்ன!" என்பதுதான். இலங்கை 2015-இல் கிளைபோசேட்டைத் தடை செய்ததற்கு இந்த நோயும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது உண்மை. நஞ்சுக்கு இதில் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் ஒரே காரணத்தில் நிற்கவில்லை. குடிநீரின் தன்மை, ரசாயனம், இவற்றோடு வெயிலில் கடும் உழைப்பும் நீரிழப்பும் திரும்பத் திரும்ப நடப்பதையும் வைத்துப் பார்க்கிறார்கள். குறிப்பாக மத்திய அமெரிக்கக் கரும்புக்காட்டில் வெயிலும் உழைப்பும்தான் முன்னால் நிற்கின்றன. நம் மாநிலத்திலேயே ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தினர் 2017 முதல் 2020 வரை உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. ஆகவே, "நாங்கள் மருந்தே அடிப்பதில்லை, எங்கள் நிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றும் வராது" என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. வெயிலுக்கு இயற்கை வேளாண்மை, ரசாயன வேளாண்மை என்ற வித்தியாசம் தெரியாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். செய்யாற்றுப் பக்கம் எங்கள் நிலத்தில் களை எடுக்க வருகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு இறங்கினால் மூன்று மணிக்குக் கரையேறுவார்கள். வீட்டில் ஏழு மணிக்குக் குடித்த டீ, அல்லது ஒரு சொம்பு கூழ். வரப்போரம் குடத்தில் தண்ணீர் இருக்கும். மதியச் சோற்றுக்குக் கை கழுவத்தான் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் செலவாகும். குடிப்பது இரண்டு வாய். முதலில் நான் நினைத்தது, தண்ணீர் சுவை பிடிக்கவில்லையோ என்று. எங்கள் போர்வெல் தண்ணீர் கொஞ்சம் சப்பென்று உப்புக் கரிக்கும். ஊர்க் குழாய்த் தண்ணீர் பிடித்து மண்பானையில் வைத்தேன். அதையும் குடிக்கவில்லை.

ஒருநாள் ஒரு அக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"தாகமே எடுக்கலையா உங்களுக்கு?"

"எடுக்காம இருக்குமா யம்மா? குடிச்சா ஒண்ணுக்கு வருமே, எங்க போறது? நீங்களே சுத்திப் பாருங்க. ஒரு முள்ளுச்செடி இருக்குதா?"

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஒரு காலத்தில் வேலியோரம் காரைப்புதர், ஓடைக்கரையில் தாழை, நடுவில் பனைக்கூட்டம் என்று மறைவிடங்கள் இருந்தன. இன்றைக்கு ஓடை தூர்ந்துவிட்டது, பனை செங்கல் சூளைக்குப் போய்விட்டது, வேலி கம்பியாகிவிட்டது. நிலத்தின் ஓரமாகவே தார்ச்சாலை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள். ஆண்கள் எங்கேயாவது திரும்பி நின்றுகொள்கிறார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். "காலையில இருந்தே குடிக்க மாட்டோம், அப்பத்தான் மூணு மணி வரைக்கும் தாங்கும்" என்று இன்னொருவர் சொன்னார். மாதவிலக்கு நாட்களில் இன்னும் கஷ்டம். அந்த மூன்று நாட்கள் கூலியை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

எனக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1980-களில் நான் வேலை பார்த்த ஒரு கிராமத்து வங்கிக் கிளையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காலை பஸ் ஏறியதிலிருந்து மாலை கணக்கு முடிக்கும்வரை ஒரு டம்ளர் தண்ணீரோடு ஓட்டிய வருடங்கள் அவை. கேஷ் கவுண்டரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்கே வருடத்துக்கு இரண்டு முறை சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வரும். தலைக்கு மேலே வெயில் காய்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்!

1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம், குடிநீரும் பெண்களுக்குத் தனிக் கழிப்பிடமும் இருக்க வேண்டும் என்று சொன்னது. நூறு நாள் வேலைக்காக 2005-இல் வந்த சட்டம்கூட, வேலையிடத்தில் குடிநீரும் நிழலும் முதலுதவிப் பெட்டியும் வேண்டும் என்று எழுதி வைத்தது. தனியார் விளைநிலத்துக்கு வந்து எந்த அதிகாரியும் இதைக் கேட்கப்போவதில்லை. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணையிட்டது. நல்லதுதான். ஆனால் அது செத்த பிறகு வரும் பணம்.

எவ்வளவு குடிப்பது? ஒரு நாளைக்கு எட்டு டம்ளர், மூன்று லிட்டர் என்று பொதுவாகச் சொல்வதெல்லாம் நிழலில் இருப்பவர்களுக்கான பேச்சு. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்பது தொழிலாளர் நலத்துறை வல்லுநர்கள் சொல்லும் கணக்கு. 250 மில்லி டம்ளர் என்று வைத்தால் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர். பத்துப் பேருக்கு, ஆறு மணி நேரத்துக்கு, 45 முதல் 60 லிட்டர். நம் ஜீவாமிர்த டிரம்மில் கால் பங்கு. மேகமூட்டமான நாளில், லேசான வேலையில் இவ்வளவு தேவைப்படாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாலு மணி நேரம் வறண்டு கிடந்துவிட்டு ஒரே மூச்சில் ஒரு குடம் குடித்தால் வயிறு முட்டும், உடம்பு ஏற்காது. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராக ஊற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போகிறது என்பதை மறக்கக்கூடாது.

இதற்கு நம் பெரியவர்கள் வைத்திருந்த ஏற்பாட்டைவிடச் சிறந்ததை நான் பார்க்கவில்லை. கேழ்வரகுக் கூழில் மோரும் உப்பும் கரைத்து, கடிக்கச் சின்ன வெங்காயம். தண்ணீர், உப்பு, பசியாறச் சோறு மூன்றும் ஒரே சொம்பில். பழைய சோற்று நீராகாரமும் அப்படித்தான். காலை பதினொரு மணிக்குக் கூழோ உப்பு மோரோ வந்துவிட்டால் அதற்கப்புறம் வெறும் தண்ணீரே போதும். கடையில் விற்கும் கலர் பாட்டிலை வேலைக்காரர்களுக்கு வாங்கிக் கொடுப்பது மரியாதை என்ற பழக்கம் எங்கள் பக்கம் வந்திருக்கிறது. அந்தச் சர்க்கரைத் தண்ணீர் வெயில் வேலைக்கு ஆகாது. அதே காசுக்கு எலுமிச்சம்பழமும் வெல்லமும் வாங்கிப் பானகம் கரைக்கலாம். டீ குடிப்பதில் தவறில்லை, அதில் இருப்பதும் தண்ணீர்தானே. ஆனால் டீயை மட்டுமே நம்பக்கூடாது.

வாந்தி பேதியோ, மிகுந்த சோர்வோ இருந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தட்டையாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக்கூடாது, கண்ணளவு போடாதீர்கள். 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதுபோன்ற கரைசலை டிரம்களில் கலக்கி வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு எளிய பொருளுக்கு அவ்வளவு வலிமை.

சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். வைக்கோல் தண்ணீர்போல வெளிர் மஞ்சள் என்றால் சரி. கடும் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. (பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டாலும் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.) கடுங்காப்பி நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, "தண்ணீரை அளந்து குடி" என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அவர்களை உச்சி வெயிலில் வேலைக்கு இறக்காமல், விதை பொறுக்குவது போன்ற நிழல் வேலையைக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாளெல்லாம் குனிந்து களை எடுத்த இடுப்பு வலிக்கு, சாயங்காலம் பெட்டிக்கடையிலோ மெடிக்கலிலோ சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். உடம்பு காய்ந்து கிடக்கும்போது டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வெயிலும் தாகமும் மாத்திரையும் சேர்ந்தால் அது மூன்று பக்கத்து அடி. "ஒரு மாத்திரைதானே" என்று தினம் போடுகிறவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பல்லிலும் எலும்பிலும் போய் உட்காரும். அந்தத் தண்ணீரை "நிறையக் குடியுங்கள்" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. சுற்றிலும் யூரியா கொட்டிய நிலங்களாக இருந்தால் கிணற்றில் நைட்ரேட் இருக்கலாம். மண் பரிசோதனைக்குச் செலவழிக்கிறோம், குடிக்கிற தண்ணீரையும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். தேத்தாங்கொட்டை உரைத்தால் கலங்கல் தெளியும், ஆனால் கிருமி முழுதாகப் போகாது. கொதிக்க வைப்பதே வழி. மருந்து வந்த கேனைக் கழுவித் தண்ணீர் எடுத்துவரும் பழக்கம் பக்கத்து நிலங்களில் இன்னும் இருக்கிறது. கண்ணில் பட்டால் ஓட்டை போட்டுவிடுங்கள்.

மறைவிடத்துக்கு நான் செய்தது பெரிய ஏற்பாடு இல்லை. நான்கு மூங்கில் கம்பு, மூன்று பழைய பருத்திச் சேலை, மேலே தென்னங்கீற்று. உள்ளே முழங்கால் ஆழக் குழி, ஒரு வாளித் தண்ணீர், ஒரு கூடை சாம்பல். வேலை நடக்கும் துண்டு மாறும்போது கம்பைப் பிடுங்கி அங்கே நட்டுக்கொள்கிறோம். கிணறும் வாய்க்காலும் இல்லாத ஓரமாகப் பார்த்துக் குழி. முசிறியில் ஸ்கோப் நிறுவனம் கட்டிய ஈகோசான் கழிப்பறைகளைப் பார்த்தவர்களுக்கு, சிறுநீரைத் தனியாகப் பிரித்து உரமாக்கலாம் என்பது தெரியும். ஒரு மாதம் மூடி வைத்து, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வாழைக்கு விடலாம். மாட்டுக் கோமியத்துக்கு சிமெண்டுத் தொட்டி கட்டுகிறவர்கள் நாம். மனுஷிக்கு ஒரு மறைப்புக் கட்டக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மறைப்பு நட்ட முதல் இரண்டு நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் வயதில் மூத்த ஒரு ஆயா போனார். அப்புறம் எல்லோரும். அதே வாரத்தில் பானைத் தண்ணீர் மதியத்துக்கு முன்பே தீர்ந்தது.

நிழலும் இடைவேளையும் பற்றிப் பேசினால் நம் ஆட்கள் முகம் சுளிப்பது கூலிக் கணக்கைப் பார்த்துத்தான். வங்கிக்காரப் புத்தி, நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மணி நேரத்துக்கு 300 ரூபாய் கூலி என்றால் மணிக்கு 50 ரூபாய். பத்து நிமிட இடைவேளை நாளைக்கு இரண்டு, பத்துப் பேருக்கு 200 நிமிடம். ஏறக்குறைய 167 ரூபாய். ஒரு நாளைக்கு அரை ஆள் கூலிக்குக் கொஞ்சம் கூட. எல் சால்வடாரில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு நகர்த்தும் கூடாரமும், முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையும், கட்டாய ஓய்வும் கொடுத்துப் பார்த்தபோது, ஆள் ஒன்றுக்கு வெட்டிய கரும்பின் அளவு குறையவில்லை, கூடியது. என் நிலத்தில் நான் எடை போட்டுப் பார்க்கவில்லை. ஒரு மணிக்கு மேல் கை ஓய்ந்து போவது இப்போது குறைந்திருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

வேலை நேரத்தை காலை ஆறிலிருந்து பத்தரைவரை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகும் என்பார்கள். ஆண்களுக்கு அது எளிது. பெண்களுக்குக் காலை ஆறு மணி என்பது குழாயில் தண்ணீர் வரும் நேரம், சோறு வடிக்கும் நேரம், பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரம். எங்களிடம் வருகிறவர்களில் நாலு பேரால்தான் முன்னாடி வர முடிகிறது. அவர்கள் ஏழு மணிக்கு வந்து பன்னிரண்டு மணிக்குப் போய்விடுகிறார்கள். மற்றவர்களுக்கு உச்சிவேளையில் புங்க மரத்தடி வேலை மிச்சம் வைக்கிறோம், மல்லாட்டை ஆய்வது, பயறு உடைப்பது போல.

இத்தனைக்கும் பிறகு யாராவது தலைசுற்றி விழுந்தால், பேச்சு குழறினால், உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. வியர்வை நின்றுபோயிருக்கலாம், வழிந்துகொண்டும் இருக்கலாம், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உடனே 108-க்குப் போன். வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குத் தூக்கி, சேலையோடு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, துண்டாலோ முறத்தாலோ விடாமல் விசிற வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மோட்டார் கொட்டகையில் குழாயும் ஒரு நீள ஓஸும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

சித்திரையில் மல்லாட்டை பிடுங்கும்போது எங்கள் மறைப்பை இரவல் தர முடியுமா என்று மேலண்டை நிலத்துக்காரர் கேட்டிருக்கிறார். அவர் நிலத்துக்கு வருகிறவர்களும் இதே பெண்கள்தான், அவர்கள்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூங்கில் கம்பு நான்கையும் தருகிறேன், சேலை அவர் வீட்டிலிருந்து வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.